தீபாவளி கழியட்டும்

1

அண்ணன் போய் ஒரு வருசம் ஆகப்போகிறது. எங்கள் பக்கத்தில் யாரும் தேதி சொல்லி எதையும் நினைவு வைப்பதில்லை. தீபாவளிக்கு முந்தி, தீபாவளிக்குப் பிந்தி, அம்புட்டுதான். கல்யாணப் பேச்சானாலும் கண் ஆபரேஷனானாலும் "தீபாவளி கழியட்டும்" என்பார்கள். பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிற வீட்டில் பல்வலிகூட அதுவரைக்கும் காத்துக் கிடக்க வேண்டும். நான் அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவள். நாரணாபுரத்துக்கு அந்தப் பக்கம், கரிசல் காட்டுக்குள் அப்பா போட்ட யூனிட். அப்பாவுக்குப் பிறகு அண்ணன் காளிராஜன் பார்த்தான். இப்போது அவன் பெஞ்சாதி, என் மதினி முத்துலட்சுமி பார்க்கிறாள்.

நான் இருப்பது ஜெர்மனியின் தென்பக்கத்தில் ஒரு சின்ன ஊர். கல்யாணமாகி வந்து இருபது வருசத்துக்கு மேலாகிவிட்டது. பார்சல் கிடங்கு ஒன்றில் காலை ஷிப்டுக்குப் பொறுப்பு. ஊரில் இதைச் சொன்னால், "படிச்சுப்புட்டு அங்கன போயி மூட்டை தூக்குதியாக்கும்" என்பார்கள். தூக்குகிறவர்களை மேய்க்கிறேன் என்று திருத்துவேன். ஆள் வராத நாளில் நானும் தூக்குவேன் என்பதைச் சொல்ல மாட்டேன்.

போன வாரம் டாக்டர் கிளினிக்கிலிருந்து போன். ரத்தக்கொதிப்பு பார்க்க வரச் சொன்ன நாளைத் தவறவிட்டிருந்தேன். வேறு நாள் குறிக்கலாமா என்று கேட்டார்கள். "கிறிஸ்மஸ் முடியட்டும்" என்றேன். பார்சல்காரர்களுக்கு அக்டோபரிலிருந்து கிறிஸ்மஸ் வரைக்கும்தான் சீசன். எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் கவி தலையைத் தூக்காமல் ஜெர்மனில் சொன்னாள்: "எதைக் கேட்டாலும் கிறிஸ்மஸ் முடியட்டும்னு சொல்ற. மாமாவும் இப்படித்தான தள்ளிப் போட்டாரு?"

பதினாறு வயசு. அவளிடம் தமிழ் என்று மிச்சம் இருப்பது சாப்பாட்டுப் பெயர்களும் உறவுமுறைகளும்தான். அவ்வளவு நீளமான ஜெர்மன் பேச்சுக்குள் "மாமா" மட்டும் தமிழில் இருந்தது. எனக்குச் சுருக்கென்று தைத்தது. "வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு" என்று எரிந்து விழுந்தேன். அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து இதை எழுதித் தொலைத்தால்தான் ஆறும் என்று இருக்கிறது.

2

நாலு வருசத்துக்கு முன்னால், கிடங்கில் குனிந்தவள் நிமிர முடியாமல் நின்றுவிட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. ரெண்டு பேர் தாங்கிக் கொண்டுபோய் நாற்காலியில் வைத்தார்கள். டாக்டரம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியில், "உங்களுக்கென்று என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டார். என் ஜெர்மன் கிடங்கு ஜெர்மன். தூக்கு, இறக்கு, தள்ளு, சீக்கிரம் என்பதெல்லாம் சரளமாக வரும். இந்தக் கேள்விக்கு எனக்குத் தமிழிலும் பதில் இல்லை. "ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் நிற்கிறேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. தினமும் நடங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

எனக்குக் கோபம் வந்தது. நடப்பதற்கு ஒரு டாக்டரா? எங்கள் ஊரில் ஒரு பொம்பளை சும்மா தெருவில் நடந்தால், "எங்கன போறீக?" என்று வீட்டுக்கு வீடு கேட்பார்கள். எங்கேயும் போகாமல் நடப்பது எனக்குப் பழக்கமே இல்லை. கிடங்கிலிருந்து ரயில் நிலையம் வரைக்கும் பேருந்தில் போகிற தூரத்தை நடந்து பார்த்தேன். ரெண்டு பக்கமும் மக்காச்சோளக் காடு, நடுவில் தார் ரோடு, ஒரு ஈ காக்கா கிடையாது. பேச்சுத் துணை இல்லாமல் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்தது. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

அவனுக்குச் சுகர் வந்து பல வருசம். தொப்பை மேசையில் இடிக்கும். "ஏண்ணே, நீயும் நட" என்றேன்.

"எங்கனத்தா நடக்க? வெயிலு மண்டையப் பொளக்கு."

"கம்பெனி விட்டதும் நட. எனக்கு ரெண்டரை, உனக்கு ஆறு மணி. சரியா இருக்கும்."

யூனிட்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. முதலாளியானாலும் வேலைக்காரரானாலும் கேட்டை ஒட்டிய ஆபீஸ் ரூமில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் அண்ணன் சாயங்காலம் வெளியே வந்து, போனை எடுத்துக்கொண்டு, கேட்டிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் போகிற மண் பாதையில் நடந்தான். நான் இங்கே மக்காச்சோளத்துக்கு நடுவில் நடந்தேன். பெரிதாக எதுவும் பேச மாட்டோம். மழை உண்டா, யார் வீட்டில் என்ன விசேஷம், மதினி என்ன குழம்பு வைத்தாள். நடு நடுவே அவன், "ஏய், போ அங்கிட்டு" என்று நாயை விரட்டுவான். நான் ஏதாவது ஜெர்மன்காரர் எதிரே வந்தால் வணக்கம் சொல்வேன். அதை அவன் அங்கே திரும்பச் சொல்லிப் பார்த்துச் சிரிப்பான்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், என் இடுப்பு சரியாகிவிட்டது. அவனுக்குத் தொப்பை வற்றி, சட்டை எல்லாம் தொளதொள என்று ஆகிவிட்டது. "தையக்காரன் கேக்கான் தாயி, அண்ணாச்சிக்கு என்ன சீக்குன்னு" என்று பெருமையடித்தான். எங்கள் ரெண்டு பேர் ஆயுசிலும் உடம்புக்கென்று நாங்கள் செய்த ஒரே காரியம் அதுதான்.

3

போன வருசம் யூனிட்டுக்கு அனுமதி புதுப்பித்து வருவது இழுத்துக்கொண்டே போனது. இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று அலையவிட்டார்கள். கைக்கு வந்தபோது சீசனில் பாதி போயிருந்தது. ஆர்டர் மட்டும் குறையவில்லை. மிச்சமிருந்த மாதங்களுக்குள் எல்லா வேலையையும் அடைத்துத் திணித்தார்கள். வீட்டுச் சாப்பாட்டுக்கு நேரமில்லை என்று மத்தியானமும் ராத்திரியும் எண்ணெய்ப் பரோட்டாதான்.

இருந்தும் ஆறு மணிக்கு அண்ணன் போனை எடுத்துவிடுவான். ஒருநாள்கூடத் தவறியதில்லை.

"நடக்கியாண்ணே?"

"நடந்துக்கிட்டுத்தானத்தா இருக்கேன்."

பின்னால் ஆட்களை ஏற்றிய வேன் ஹாரன் அடிக்கும், மூச்சு வாங்குவதும் நன்றாகக் கேட்கும். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே புஸ் புஸ்ஸென்று இரைக்கும். எனக்கு எம்புட்டுச் சந்தோசம் தெரியுமா! பயல் வேகத்தைக் கூட்டிவிட்டான் என்று நினைத்தேன். இந்த நெருக்கடியிலும் விடாமல் நடக்கிறானே என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன், கிடங்கில் கூட வேலை பார்க்கிறவர்களிடம் சொன்னேன். "இன்னும் கொஞ்சம் எட்டிப் போடுண்ணே" என்று அவனையும் உசுப்பேற்றினேன்.

"எட்டிப் போட்டாச்சு தாயி," என்பான். அப்புறம் கொஞ்ச நேரம் இரைப்பு மட்டும் கேட்கும். "வடக்க... போற லோடு... நாளைக்கு ஏறணும்."

"பேசாம நட. பேசுனா மூச்சு முட்டும்."

"சரித்தா."

ஆவணி முழுக்க, புரட்டாசியில் பாதி வரைக்கும் இப்படித்தான் போனது. அந்த இரைப்பைக் கேட்டுக்கேட்டு நானும் வேகமாக நடந்தேன். பேருந்து என்னைத் தாண்டிப் போகும்போது உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்துப் பாவம் என்று நினைத்துக்கொள்வேன்.

4

ஒருநாள் ரெண்டரைக்குக் கூப்பிட்டபோது ஃபோர்மேன் கணேசன் எடுத்தார். "அக்கா, அண்ணாச்சிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கு. நீங்க பதறாதீக" என்றார். பதறாதீக என்று சொன்னாலே எங்கள் ஊரில் காரியம் முடிந்தது என்று அர்த்தம். நான் ரயில் நிலையம் போய்ச் சேர்வதற்குள் சேதி வந்துவிட்டது. மாரடைப்பு. ஐம்பத்தி மூணு வயசு.

கிடங்கில் விடுப்பே கொடுக்காத காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஆபீஸுக்குப் போன் போட்டேன். வாயில் ஜெர்மன் வரவில்லை. "என் அண்ணன் போய்விட்டான்" என்று நாம் சொல்வதை அப்படியே அவர்கள் மொழியில் மாற்றிச் சொல்லித் தொலைத்தேன். அந்தப் பெண் ரொம்பப் பொறுமையாக, "எங்கே போயிருக்கிறார்? எப்போது திரும்புவார்?" என்று கேட்டாள். இறந்துவிட்டான் என்று விளக்கிச் சொன்னதும் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள். நல்ல பெண். ஆனால் பெற்றவர்கள், புருசன், பிள்ளை செத்தால்தான் லீவு உண்டாம். கூடப்பிறந்தவன் அதில் சேர்த்தி இல்லையாம். மேலதிகாரியிடம் பேசிப் பார்க்கிறேன் என்றாள். அவள் பேசி முடிப்பதற்குள் அங்கே தூக்கிவிட்டார்கள்.

கிடங்கில் உடை மாற்றுகிற அறையில் உட்கார்ந்து, அவனைத் தூக்கியதைப் போனில் பார்த்தேன். யாரோ ஒரு பையன் கை ஆட ஆட எடுத்தான். அண்ணன் முகத்தைவிடப் பந்தல் துணிதான் அதிகம் தெரிந்தது. சாயங்காலம் வீட்டில் மறுபடியும் போட்டுப் பார்த்தபோது, கவி என் நாற்காலிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றாள். "இதை ஏன் எல்லாரும் படம் எடுக்கிறார்கள்?" என்று கேட்டாள். என்னை மாதிரி வர முடியாத சனியன்களுக்காக என்றேன். அவளுக்குப் புரிந்ததா தெரியாது. மறுநாள் பரீட்சை என்று சொல்லிப் படிக்கப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து நான் நடக்கவில்லை. ஷிப்டு முடிந்ததும் பேருந்தில் ஏறினேன். இயந்திரத்தில் காசு போட்டு எடுத்த சாக்லேட்டைத் தின்றுகொண்டே வீட்டுக்கு வந்தேன். வந்ததும் சோபாவில் விழுந்தேன். யாராவது கேட்டால் சீசன் என்றேன். சீசன் என்று சொன்னால் யாரும் மறு கேள்வி கேட்பதில்லை, எந்த ஊரிலும்.

5

தை மாசம்தான் போக முடிந்தது. போன மறுநாளே யூனிட்டுக்குப் போனேன். மதினியும் கூட வந்தாள். வயசில் எனக்கு ஒரு வருசம் இளையவள், முறைக்கு மூத்தவள். அதனால் நாங்கள் ரெண்டு பேருமே ஒருத்தருக்கொருத்தர் "நீங்க" போட்டுத்தான் பேசுவோம். மண் பாதையைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியவில்லை. கேட்டருகில் நின்ற கணேசனிடம், "அண்ணன் எதுவரைக்கும் நடப்பாக?" என்று கேட்டேன். அந்தப் பாதையில் நானும் ஒருதரம் நடந்து பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

கணேசன் என்னைப் பார்க்கவில்லை, மதினியைப் பார்த்தார்.

"உள்ள வாங்க," என்றாள் மதினி.

ஆபீஸ் ரூமுக்குள் போனோம். ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு ஃபேன். மதினி நாற்காலியைக் காட்டினாள். "இங்கனதான் நடந்தாக," என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"ஆடிக்குப் பெறகு அவுகளால அந்த வேப்பமரம் வரைக்கும்கூடப் போக முடியல. கால் ரெண்டும் வீங்கிப்போச்சு. படுத்தா மூச்சு முட்டும், உக்காந்தேதான் தூங்குவாக. நீங்க கூப்பிடுற நேரத்துக்கு இந்தச் சேர்ல வந்து உக்காந்துக்கிடுவாக. நீங்க எட்டிப் போடும்பீக. அவுக போட்டாச்சும்பாக. போனை வச்சுட்டுச் சிரிப்பாக."

"அப்ப அந்த மூச்சு?"

"சும்மா உக்காந்திருக்கும்போதே அப்படித்தான் வாங்கும்."

வெளியே வேலை விட்டு ஆட்களை ஏற்றிய வேன் ஒன்று ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பியது. போனில் கேட்ட அதே ஹாரன், அதே கிட்டத்தில். அண்ணன் நடந்திருந்தால் அந்தச் சத்தம் ஒருநாள் தள்ளியும் ஒருநாள் பக்கத்திலும் கேட்டிருக்க வேண்டும். ஒன்றரை மாசமும் ஒரே மாதிரிக் கேட்டதை, அந்த மண்ணில் பிறந்த கழுதை நான் கவனிக்கவே இல்லை.

"டாக்டர்ட்ட காட்டலியா?"

"காட்டுனோம். இருதயம் வீங்கியிருக்கு, உடனே மதுரைக்குக் கொண்டு போங்கன்னாக. தீபாவளி கழியட்டும்னு சொல்லிட்டாக."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மதினி! ஒரே ஒரு வார்த்தை!" நான் கத்தியது யூனிட் முழுக்கக் கேட்டிருக்கும்.

"சொல்லக் கூடாதுன்னு என் தலையில கையை வச்சுச் சத்தியம் வாங்கிட்டாக. சரி, சொல்லியிருந்தா நீங்க என்ன செஞ்சிருப்பீக? போன்லயே வஞ்சிருப்பீக. லீவு இல்லம்பீக. செத்தப்பவே வரலயே நீங்க."

அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை. இருந்த மிச்ச நாளெல்லாம் அவள் சோறு போட்டாள், நான் தின்றேன். புறப்படும்போது சேவுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், அவள் சொன்ன கடைசி வாக்கியத்தில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்று ஒப்புக்கொள்ள முடிந்தது.

6

திரும்பி வந்து மறுபடியும் நடக்கத்தான் பார்த்தேன். புதுச் செருப்பு வாங்கினேன், மத்தியானத்துக்குக் கேழ்வரகுக் கூழ் கரைத்துக் கொண்டுபோனேன். நாலைந்து நாள் ஓடும். அப்புறம் ஒரு மழை, இல்லையென்றால் ஆள் வராத ஒரு ஷிப்டு, அதோடு சரி. வேலையைத்தான் காரணம் சொல்வேன். வேலை இல்லை காரணம். ரெண்டரை மணி ஆனதும் கை தானாகப் போனைத் தேடும். அந்த ரோட்டில் நடந்தால் அவன் இரைப்பு காதில் கேட்கும். அதுக்குப் பயந்துதான் பேருந்தில் ஏறினேன்.

நேற்றும் ஷிப்டு முடிந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். கவி சொன்னது மனசில் கிடந்து அரித்தது. என்ன தோன்றியதோ, மதினியைக் கூப்பிட்டேன். தைக்குப் பிறகு நல்லது கெட்டதுக்கு மட்டும்தான் எங்களுக்குள் பேச்சு.

"சொல்லுங்க," என்றாள். பின்னால் லாரிச் சத்தம்.

"வருச நாளைக்கு என்னால வர முடியாது மதினி."

"தெரியுந்தான. நாங்க படையல் போட்டுக்கிடுதோம். இங்கனயும் வேலை தலைக்கு மேல கெடக்கு."

"சாப்பிட்டீகளா?"

"பரோட்டா வாங்கியாரச் சொன்னேன். சீசன்ல எவ சோத்துக்கு ஒலை வைக்க?"

"உடம்பைப் பாத்துக்கோங்க. நடக்கவாவது செய்யிறீகளா?"

"இந்தா, நடந்துக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள். மூச்சு வாங்கியது.

"வீடியோ போடுங்க," என்றேன். போட்டாள். முகம் மட்டும் திரை முழுக்கத் தெரிந்தது; கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்தது.

"முகம் வேண்டாம் மதினி. காலைக் காட்டுங்க."

"என்ன பேச்சு பேசுறீக?"

"காட்டுங்க."

போன் மெல்ல இறங்கியது. ஃபேன் தெரிந்தது, மேசை விளிம்பு தெரிந்தது, நாற்காலிக் கால் தெரிந்தது. கடைசியில் அவள் பாதங்கள். அசையாமல் தரையில் இருந்தன. மெட்டி கிடந்த விரல் மட்டும் இன்னும் வெளுப்பாக இருந்தது.

"பாத்தாச்சா?" என்றாள். "இப்ப உங்க காலைக் காட்டுங்க."

காட்டினேன். பெஞ்சுக்குக் கீழே, ஈர இலைகளின் மேல், என் கிடங்கு பூட்ஸ். அதுவும் அசையாமல்தான் இருந்தது. ரெண்டு பேரும் ஒருத்தர் காலை ஒருத்தர் பார்த்துக்கொண்டு இருந்தோம். சிரிக்க வேண்டிய காட்சிதான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"சரி, எந்திரிங்க," என்றாள் மதினி. அங்கே நாற்காலி நகர்ந்தது. "போனை அப்படியே கீழ பிடிச்சுக்கிட்டு நடங்க. நானும் நடக்கேன். இனி பொய் வேண்டாம்."

எழுந்தேன். பேருந்து வந்து கதவைத் திறந்தது. டிரைவர் என்னைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு ரோட்டோரமாக நடந்தேன். திரையில் அவள் கால் ஆபீஸ் வாசல்படி தாண்டியது, கரிசல் புழுதி தெரிந்தது, கேட்டின் நிழல் தெரிந்தது. பத்துப் பதினைந்து எட்டு வைத்திருப்பாள். நின்றுவிட்டாள்.

"மெதுவா போங்க," என்றாள். புஸ் புஸ்ஸென்று இரைத்தது. "எனக்கு... ஒரு வாரமாவே... இப்படித்தான்..."

நான் ரோட்டில் அப்படியே நின்றேன். "உக்காருங்க மதினி. அங்கனயே உக்காருங்க. பக்கத்துல கணேசன் இருக்காரா? போனை அவர்ட்ட குடுங்க."

"ஒண்ணுமில்ல... தீபாவளி..."

"போனைக் குடுங்கன்னு சொல்றேன்ல!"

கணேசன் குரல் வந்தது. "அக்கா, லோடு ஏறிக்கிட்டு இருக்கு, ஒரு அரை மணி நேரத்துல நானே..."

"லோடு கெடக்கட்டும் கணேசா," என்றேன். "காரை எடுங்க. மதினிய ஏத்திக்கிட்டு இப்பவே மதுரைக்குப் போங்க. நான் லைன்லயே இருக்கேன்."

கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும் வரைக்கும் நான் காதிலிருந்து போனை எடுக்கவில்லை.